எழுத்து அழிந்த கீபோர்டு

பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு இருந்தது. அதில் கடைசிக் குடித்தனத்து அக்காவுக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தேன். அது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு பம்புசெட் கம்பெனி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. புது மிஷின்கள் வந்ததும் பழையவற்றை எடைக்குப் போடக் குவித்து வைத்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மேனேஜரிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அந்தப் பழசு விண்டோஸைத் தாங்காது. ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இருந்தது. எப்பேர்ப்பட்ட பழைய மிஷினிலும் ஓடும் என்று எழுதியிருந்தார்கள். மிஷினில் சிடி போட வழியில்லை. அதனால் ஆபீசில் உட்கார்ந்து பிளாப்பிகளில் பிரித்து எழுதி, வீட்டில் ஒவ்வொன்றாக நுழைத்தேன். ஏழாவது பிளாப்பி அடம் பிடித்தது. அது கேட்ட கேள்விகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்திலெல்லாம் என்டரைத் தட்டினேன். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து உள்ளே வருபவரின் பெயரைக் கேட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கிரைண்டர் பட்டறையில் ஃபிட்டர். பிரஸ் மிஷினில் இடது கையின் இரண்டு விரல்கள் நசுங்கி, கட்டோடு வீட்டில் கிடந்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டருக்கு ஆள் எடுத்தார்கள். எட்டு நாளில் டெஸ்ட்; கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வழியில்லை.

ஞாயிறு காலை மிஷினைக் கொண்டுபோய் வைத்தேன். நானே பெயரை அடித்து, பாஸ்வேர்டையும் அடித்து, கடிதம் எழுதும் இடத்தைத் திறந்து கொடுத்தேன். அக்காவின் விரல்கள் கீழே பார்க்காமலே ஓடின. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

“தினமும் அடிச்சுப் பாருங்க்கா. டெஸ்ட்ல பின்னிப்போடுவீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை குழாயடியில் பார்த்தபோது கேட்டேன். “எப்படிங்க்கா போகுது?”

“நல்லாப் போகுதுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் இன்னும் இரண்டு மிஷின் கேட்டு வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குச் சென்னிமலை பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தி, மேலே சாமந்திப் பூ வைத்திருந்தார்கள். பெட்ஷீட்டை விலக்கினேன். கீபோர்டில் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாக் கட்டையும் மொட்டையாக இருந்தது. மண்ணெண்ணெய் வாடை வேறு. யாரோ என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

“என்னங்க்கா இது?”

 அக்காவின் வீட்டுக்காரர்தான் சொன்னார். “மொத வரியில பேரு வருதுங்க. ரெண்டாவது வரியில என்ன அடிச்சாலும் ஒண்ணும் வரலீங்க. தூசி அடைச்சிருக்கும்னு எல்லாத்தையும் கழட்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுக் கழுவிப்போட்டேன். எழுத்து போயிருச்சுங்க. அப்பவும் வரலீங்க.”

கணபதியில் எது நின்றுபோனாலும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மாட்டுவார்கள். அவர் மேல் தப்பில்லை. லினக்ஸில் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவுமே தெரியாது, ஒரு புள்ளிகூட வராது. முதல் தடவை நானும் இதே மாதிரி விழித்து, கீபோர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தவள்தான். அதைச் சொல்ல மறந்துபோனேன். ஆனால் கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

“ஆறு நாளா வாயைத் திறக்கலையே! பாஸ்வேர்டு அடிச்சாத் திரையில தெரியாதுங்க்கா, என்டரைத் தட்டுனா உள்ள விட்டுரும். புதன்கிழமை நல்லாப் போகுதுன்னு எதுக்குங்க்கா சொன்னீங்க?”

“நீங்க அவ்வளவு ஆசையாக் கொண்டாந்து வெச்சீங்க. வேலை செய்யலைன்னு எந்த வாயிலங்க சொல்றது?” என்றார் அக்கா. பிறகு தயங்கிக் கேட்டார். “அப்ப எம்மேல தப்பு இல்லீங்களா?”

 அடித்துக் காட்டலாம் என்று கீபோர்டில் கை வைத்தேன். எழுத்தைப் பார்க்காமல் எனக்கு அடிக்க வராது. இரண்டு தடவையும் தப்பாகப் போயிற்று. அக்கா என் கையை மெல்ல நகர்த்திவிட்டு, திரையில் ஒன்றும் வராவிட்டாலும் நிறுத்தாமல் அடித்து, என்டரைத் தட்டினார். மிஷின் உள்ளே விட்டது. யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று எனக்குக் குழம்பிப்போயிற்று.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் பயிற்சி. வீட்டுக்காரர் தன்னுடைய மாத்திரை அட்டைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க, அக்கா பில் மாதிரி அடித்துத் தள்ளினார். சேமிப்பது, திறப்பது, அழிப்பது எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. வேலை கிடைத்த மாதிரிதான் என்று நானே என் வாயால் சொன்னேன்.

திங்கட்கிழமை சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டெஸ்ட்டுக்குக் கட்டிய சேலை கசங்கியிருந்தது.

“என்னாச்சுங்க்கா?”

“வேற புள்ளையப் போட்டுக்கிட்டாங்க. அங்க ஒரே படமா இருந்ததுங்க. பேரு எங்க அடிக்கறதுன்னு தேடுனேன். அது கேக்கவே இல்லீங்க. பக்கத்துப் புள்ள மவுசைப் புடிச்சு டக்கு டக்குன்னு உள்ள போயிருச்சு. நான் கீபோர்டு மேல கைய வெச்சுட்டே உக்காந்திருந்தேனுங்க. அதை எப்படிங்க தொறக்கறதுன்னு கேக்கவும் கூச்சமாப் போச்சு.”

படமாக இருந்து, மவுசால் திறப்பது என்றால் அது விண்டோஸ். ஆபீசில் தினமும் காலையிலிருந்து மாலை வரைக்கும் நான் வேலை செய்ததும் அதில்தான். ஆஸ்பத்திரியில் என்ன மிஷின் இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை. விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் ஏதேதோ உளறினேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஏனுங்க அம்மணி, அங்க இருந்தது கம்ப்யூட்டருங்களா, நீங்க குடுத்தது கம்ப்யூட்டருங்களா?”

“ரெண்டுந்தாங்க்கா.”

டெஸ்ட்டில் அடிப்பதற்குக் கொடுத்த சீட்டை அவர் மடியில் வைத்துத் தடவினார். “அப்ப எனக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்களா, தெரியாதுங்களா?”

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மடியில் இருந்த டெஸ்ட் சீட்டைப் பார்த்ததும், ஆபீசில் கேட்டு வைத்திருந்த இரண்டு மிஷின்கள்தான் நினைவுக்கு வந்தன.