உம்மா சொல்லிவந்த காய்ச்சல்

அந்த அறைக்குள்ள ஏசி போட்டு வச்சிருப்பாங்க எண்டு ஆருக்குத் தெரியும்? கல்முனை வெயிலுக்குள்ள பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்வையில நனைஞ்ச அபாயாவோட உள்ளுக்குப் போனா, மீனை ஐஸ் பெட்டிக்குள்ள போட்ட மாதிரிக் குளிர். குளிர் எனக்கு ஆகவே ஆகாது. மற்றவங்களுக்கு ரத்தத்தில இருக்கிற சிவப்பணு வட்டமா இருக்கும். எனக்கு அது வெள்ளாமை வெட்டுற தாக்கத்தி மாதிரி வளைஞ்சிரும். குளிர் பட்டா ரத்தக் குழாய்க்குள்ள சிக்கி, ஓட்டம் நிண்டு, எலும்புக்குள்ள வலி தொடங்கிரும். அரிவாள் உயிரணு நோய் எண்டு டொக்டர்மார் சொல்றது இதைத்தான்.

இந்த நோயோட படிக்கிற பிள்ளைகளுக்கு கெம்பஸ் செலவு குடுக்கிற உதவித்தொகை ஒண்டு இருந்தது. அதுக்கான நேர்முகத்துக்குத்தான் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தன். யாழ்ப்பாணத்தில எனக்கு கெம்பஸ் கிடைச்சிருந்தது. வாப்பா ஒலுவில் துறைமுகத்தில மீன் வாங்கி லொறியில ஏத்துறவர். மருந்து, கிளினிக், தங்குற இடம் எண்டு அவ்வளவு தூரத்தில என்னை வச்சிப் படிப்பிக்க அவரால ஏலாது. "இது சரிவந்தா போ மகள், இல்லாட்டி ஊட்டுல இரி" எண்டு சொல்லிப்போட்டார். சண்டை பிடிச்சன், அழுதன், சோறு தின்னாமக் கிடந்தன். மனிசன் அசையல்ல.

இன்னொரு சங்கதியும் இருக்கு. என்ட இந்த நோய் வருத்தம் ஊருக்குத் தெரியாது, உம்மா தெரியவிடல்ல. நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஆர் வந்து கேட்டாலும், "காய்ச்சல்" எண்டுதான் சொல்லுவா. ரத்தத்தில வருத்தம் எண்டு கதை பரவினா என்னை ஆர் கலியாணம் பேசி வருவாங்க எண்டு அவவுக்குப் பயம். வீட்டுக்கு ஆள் வந்தா நான் வலியோட எழும்பி இருந்து சிரிக்கோணும். சிரிக்காட்டி உம்மா கண்ணை உருட்டுவா. அப்பிடியே பழகிப்போச்சு, நல்லாவே சிரிப்பன்.

மேசைக்கு அங்கால மூண்டு பேர் இருந்தாங்க. ஒரு வயசான டொக்டர், ஒரு டீச்சர், மூண்டாவது எங்கட ஊர்ப் புடவைக்கடை ஹாஜியார். அவரைக் கண்டதும் உம்மாட முகம் மாறிட்டு.

"பாத்தா நல்லாத்தானே மகள் இருக்கிறீங்க?" எண்டார் ஹாஜியார்.

நான் சிரிச்சன். பழக்கதோசம். அந்த நேரம் முழங்காலுக்குக் கீழ வலி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

டீச்சர் அடுத்ததைக் கேட்டா. "அடிக்கடி ஆஸ்பத்திரியில கிடந்தா இவ்வளவு பெரிய படிப்பை எப்பிடி முடிப்பீங்க?"

எனக்கு விசர் வந்திட்டு. ஹாஜியாருக்கு என்ட வருத்தம் காணாது, டீச்சருக்கு அது கூடிப்போச்சு! எவ்வளவு வருத்தம் வேணும் எண்டு சொல்லுங்க, நிறுத்துத் தாறன் எண்டு வாய்க்குள்ள வந்த கதையை விழுங்கிப்போட்டு, "ஏ.எல். சோதினையும் வார்ட்டில இருந்து வந்துதான் எழுதினன் மிஸ்" எண்டன்.

டொக்டர் உம்மாட பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பிள்ளைக்கு வருத்தம் கடுமையா வருமா?"

உம்மா டொக்டரைப் பாக்கல்ல, ஹாஜியாரைப் பாத்தா.

"அப்பிடி ஒண்டுமில்ல சேர். சும்மா காய்ச்சல் வரும், போகும்."

யா அல்லாஹ்! எந்த இடத்தில எந்தக் கதை! டொக்டர் கையில இருந்த என்ட ரிப்போட்டை ஒருக்காப் புரட்டினார். "இதில வேற மாதிரியெல்லோ எழுதியிருக்கு?" எண்டு கேட்டார். உம்மாட வாயைப் பொத்திக் கூட்டிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது எனக்கு. உண்மையைச் சொன்னா, ஊர்ப் பெரிய மனிசனுக்கு முன்னால பெத்த தாயைப் பொய்க்காரி ஆக்கோணும். சொல்லாட்டி கெம்பஸ் போச்சு, வாழ்நாள் முழுக்க அந்த ஊட்டுக்குள்ளதான் இருக்கோணும். சொல்லத்தான் வாயைத் திறந்தன். அதுக்குள்ள வலி முந்திட்டு. ரெண்டு காலும் முறியிற மாதிரி இழுத்து, இடுப்பில ஏறி, முதுகைப் பிடிச்சிட்டு. சிரிப்பை விடாமப் பிடிச்சிருக்கப் பாத்தன்.

"உம்மா, ஏலாதும்மா!" எண்டு கத்திட்டன்.

உம்மா எழும்பின வேகத்தில கதிரை பின்னால விழுந்திட்டு.

"அந்த ஏசிய நிப்பாட்டுங்க!" ஹாஜியாரைப் பாத்துத்தான் கத்தினா. "என்ட புள்ளைக்குக் குளிர் ஆகாது. அவக்கு ரத்தத்தில வருத்தம். பொறந்ததில இருந்து வருத்தம். நான்தான் காய்ச்சல் காய்ச்சல் எண்டு ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிஞ்சன்."

ஹாஜியார் எழும்பிப் போய் ஏசியை நிப்பாட்டினார். உம்மா நிலத்தில குந்தி, அத்தனை பேருக்கும் முன்னால என்ட காலைத் தேய்ச்சுக்கொண்டே அழுதா. நானும் அழுதன். சிரிக்கச் சொல்லி அவ என்னைப் பாக்கவே இல்ல.

அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரி. வலி கொஞ்சம் தணிஞ்சு நான் கட்டிலில எழும்பி இருக்கக்குள்ளதான் டீச்சர் கோல் எடுத்து, உதவித்தொகை கிடைச்சிருக்கு எண்டு சொன்னா. "அல்ஹம்துலில்லாஹ்" எண்டு உம்மா முகத்தைப் பொத்திக்கொண்டா. வாப்பாவுக்குச் சொல்லோணும் எண்டு போனைத் தேடினா, அது என்ட கையிலதான் இருந்தது.

அந்த நேரம் பாத்துத்தான் எங்கட தெரு மாமி வரோணுமா! ஊர்க் கதை எல்லாத்தையும் காவித் திரியிறவ. பக்கத்துக் கட்டிலில ஆரையோ பாக்க வந்தவ, எங்களைக் கண்டிட்டு விறுவிறெண்டு வந்தா.

"என்னகா, புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சலா?"

நான் என்ட பாட்டில சிரிக்கத் தொடங்கிட்டன்.

உம்மா கதிரையை அவட பக்கம் இழுத்துப் போட்டா. "காய்ச்சல் இல்ல மச்சி. இரிங்க, சொல்றன்."

நான் சிரிக்கிறதை விட்டுப்போட்டு, கண்ணை மூடிப் படுத்திட்டன்.