நல்ல தண்ணிக்கு நான் இட்ட மதிப்பெண்

இன்று காலை நீங்கள் பருகிய தண்ணீர் நல்லது என்று உங்களுக்குச் சொன்னவர் யார்? அவர் என்னைப் போன்றவராக இருந்தால் சற்றே அஞ்சுங்கள். நீரைச் சோதிப்பது எங்கள் தொழிலில் எளிய பகுதி. எதை, எப்போது, எதற்காகச் சோதிப்பது என்று திட்டமிடுவதில்தான் வழுக்கி விழுகிறோம். அட்டவணை போட்டு அவதிப்படும் அன்பர்களே, சுனாமியில் கடல் பொங்கியதற்கு மறு ஆண்டு, கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் நான் கற்ற பாடங்கள் இவை.

எது நல்ல தண்ணி?

எந்தக் கிணறுகளை முதலில் சோதிப்பது என்று முடிவுசெய்ய, வீடு வீடாகச் சென்று எது நல்ல தண்ணி என்று கேட்டேன். அனைவரும் வலைக்கூடத்தை ஒட்டிய கிணற்றையே காட்டினர். ஊரே நற்சான்று அளித்தபின் ஐயம் எதற்கு? அதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன்.

அந்த நீரைக் குடிக்கும் அஞ்சலையின் கைக்குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அதைச் சோதிக்குமாறு அவர் வேண்டியபோது, நீங்களே நல்ல தண்ணி என்றீர்களே என்று மடக்கினேன்.

“உப்புக் கரிக்கலன்னுதான் சார் நல்ல தண்ணின்னோம். புள்ள வயித்துக்கு நல்லதுன்னு நாங்க எப்ப சொன்னோம்?”

முரசறைந்த காவலன்

உடனே நாள் குறித்து ஊராட்சிக்கு முறைப்படி தெரிவித்தேன். திருடனைப் பிடிக்கச் செல்லும் காவலன் தன் வருகையை முரசறைந்து அறிவித்தால் என்ன ஆகும்? அக்காவலன் நானே. சார் வருகிறார் என்ற மரியாதையில், முந்தின நாளே கிணற்றில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டிவிட்டார்கள்.

கிணற்று நீர் எடுத்த புட்டிகளை வைத்த பனிக்கட்டிப் பெட்டியை மடியில் ஏந்தி, பேருந்தில் சிதம்பரம் ஆய்வகம் சேர்ந்தேன். கிருமியே இல்லை என்று முடிவு வந்ததும் பூரித்தேன். அங்கே சோதனை செய்யும் மெர்சி பூரிக்கவில்லை.

“மூடியத் தொறந்தாலே ஆஸ்பத்திரி வராண்டா வாசன அடிக்குது. இதுல கிருமி இருந்தாத்தான் சார் அதிசயம்.”

முதல் வகுப்பில் தேறிய ஊர்

அடுத்த முறை சொல்லாமல் சென்றேன். கிணற்றில் மலக்கிருமி இருந்தது; தற்காலிகக் குடியிருப்பின் கழிவறைக் குழி அதன் அருகிலேயே இருந்தது. நானோ எல்லாக் கிணறுகளுக்கும் உப்பு, கலங்கல், கிருமி என மதிப்பெண் இட்டு, கூட்டி வகுத்து, ஊரே முதல் வகுப்பில் தேறியதாக வண்ணப்படம் தீட்டி, ஊர்க்கூட்டத்தில் விளக்கினேன். அஞ்சலை தன் கிணற்றின் கிருமி மதிப்பெண்ணை மட்டும் கேட்டார். பூஜ்யம் என்றேன். அவர் இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது.

“கிருமியில பெயிலு, ஊரு மட்டும் பாஸா? எம் புள்ள சராசரியவா சார் குடிக்குது, அந்தக் கெணத்துத் தண்ணியதான குடிக்குது.”

கூட்டம் கலையுமுன் கிணற்றைப் பலகையிட்டு மூடினோம். லாரித் தண்ணீர் வந்தது. குழந்தையும் மெல்லத் தேறியது. படம் போடத் தெரிந்த எனக்கு, பலகை போடத்தான் அதுவரை தெரியவில்லை.

அன்பர்களே, உங்கள் ஊரின் சராசரியைக் கேட்டு நிம்மதி கொள்ளாதீர்கள். உங்கள் குழந்தை குடிக்கும் அந்த ஒரு கிணற்றின், அந்த ஒரு குழாயின் முடிவை இன்றே, இப்போதே கேட்டு வாங்குங்கள்.