அணைக்காமல் விட்ட மைக்

தேவகனியின் இடது காது கல்யாணமான மறுவருஷமே போனது. தம்பியோடு போனில் பேசினாள் என்று கணவன் தேவபிரசாதம் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்தது. பிறகொரு நாள் இரும்புக் குழாயால் மண்டையில் அடித்தான். வலது காதும் மந்தமானது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி அபிலாஷ்தான் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்து, போலீசிலும் புகார் எழுதிக் கொடுத்தான்.

அவர்கள் போகும் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவனே தேவபிரசாதம்தான். "அவனுக்குப் பயந்து நான் எதுக்குக் கோயிலை விடணும்?" என்று கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள் தேவகனி. அங்கே தரையைச் சுற்றி லூப் கம்பி பதித்திருந்தார்கள். காது மெஷினில் ஒரு பட்டனை அமுக்கினால் மற்ற இரைச்சலெல்லாம் அடங்கி, மைக்கில் பேசுவது மட்டும் நேரே காதுக்குள் வரும்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலைந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள்; லூப்பை யாரும் அணைக்கவில்லை. தலைகுனிந்து ஜெபத்தில் இருந்த தேவகனியின் காதுக்குள் திடீரென்று புருஷனின் மூச்சு. பதறி நிமிர்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பாடும்போது சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்காமலே அவன் வெளியே போயிருந்தான்.

"அருவா எங்கலே?"

"வண்டியில இருக்கு அண்ணாச்சி." கூட்டாளியின் குரல்.

"அபிலாஷ் வாசல் கேட்டு பக்கத்துல நிக்கான். கழுத்துலயே போட்டுரணும். அந்தச் செவிடி பாத்துக்கிட்டே இருக்கணும்."

தேவகனி ஓடினாள். வாசற்படியைத் தாண்டியதும் லூப்பின் தொடர்பு அறுந்து உலகமே ஊமையானது. பட்டனை மாற்ற ஏது நேரம்? "ஏலே அபிலாசு, ஓடுலே!" அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. தம்பி திரும்பினான். கழுத்துக்கு வந்த வெட்டு தோளில் இறங்கியது. வெள்ளைச் சட்டை நொடியில் சிவந்தது.

தேவபிரசாதம் இரண்டாம் முறை ஓங்கிய அரிவாளை வெறுங்கையால் பிடித்தாள். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. தம்பி கையிலிருந்து விழுந்து கிடந்த ஹெல்மெட்டை மறுகையால் எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. வாய் திறந்து திறந்து மூடியது; என்ன கத்தினான் என்று அவளுக்குத் தெரியாது. விழுந்த பின்னும் அடித்தாள். நாலு பேர் சேர்ந்துதான் அவளை இழுக்க முடிந்தது. கூட்டாளி ஓடிவிட்டான்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "காது கேக்காத அம்மா, வெளியில ரகசியமாப் பேசினதைக் கேட்டாங்களாம்."

தேவகனி தன் பையிலிருந்து, காது மெஷினோடு இணைந்த சின்ன மைக் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதை மாட்டிக்கிட்டு அடுத்த ரூம்ல போய் மெதுவாப் பேசுங்க சார்."

வக்கீல் வாங்கவில்லை. நீதிபதி தன் உதவியாளரை அனுப்பினார். அவர் பேசியதை வார்த்தை மாறாமல் தேவகனி திருப்பிச் சொன்னாள்.

தேவபிரசாதத்துக்குப் பத்து வருஷம் கிடைத்தது. அபிலாஷின் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை; கிரேனை விட்டுவிட்டு துறைமுக கேட்டில் காவல் வேலை பார்க்கிறான்.

வீடு தேடி வந்த தேவாலயத்துப் பாதிரி ஐயர் அவளிடம் கேட்டார்: "விழுந்தவனை அடிச்சதுக்கு ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?"

"இன்னும் இல்லை ஐயரே" என்றாள் தேவகனி.