நோம்பியன்று ரூம் இல்லை

கொண்டை ஊசி வளைவில் வேன் ஹாரன் கேட்டதும் எனக்குப் பழைய ஜீப் ஒன்று ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஏழெட்டு வயது. கோயில் திருவிழாவான நோம்பியன்று சேற்றில் சிக்கிய அந்த ஜீப்பை ஊரே சேர்ந்து தள்ளிவிட்டது. வந்தவர்களை அப்பா எங்கள் பந்தியிலேயே உட்கார வைத்தார். இலையில் ஆவி பறக்கும் சாமைச் சோறு, அவரைக் குழம்பு. சாப்பிட்டு எழுந்தவர்களில் ஒருவர் பர்ஸைத் திறந்ததும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நோம்பிச் சோத்துக்குக் காசா? உள்ள வைங்க சாமி."

இன்று கொல்லிமலையில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் வாடகை அறைகள் உண்டு. என் வீட்டிலும் இரண்டு. ஆனால் நோம்பியன்று ஒருவரும் வாடகைக்கு விடமாட்டோம். ஊர்கூடி நாங்களே வைத்த கட்டு அது.

வேனிலிருந்து இறங்கியவர், "எவ்வளவு ஆனாலும் தரேன், ரூம் இருக்கா?" என்றார்.

"இன்னிக்கு நோம்பி, ரூம் இல்லீங்க. பந்தி போட்டாச்சு, கை கழுவிட்டு வாங்க."