கண்ணாடி ஒட்டிய கொத்தனார்

சுவரைத் தொடும் முன் அதில் காதை வைத்துக் கேட்பார் அந்தக் கொத்தனார். ஒல்லியான உடம்பு, புருவத்தில் சுண்ணாம்புத் தூசி. மலைமேல் நாயுடுபுரத்தில் என் மகள் தங்கியிருந்த பள்ளி விடுதியில் அவரைப் பார்த்தேன். அவள் கட்டிலுக்கு மேலிருந்த விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நூறு வருஷம் நின்ன கட்டடம், இனிமேலா விழும்?" என்றேன்.

"மதுரையில பேர் வாங்குன வெள்ளக்காரத் துரை கட்டுனதுங்க. இந்த மலையில அஞ்சு கட்டுனாரு, ரெண்டுதான் மிச்சம். அவரு வேலையில குத்தமில்ல. சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடணும். இந்தப் பள்ளிக்கூடத்துக்காரவுக சிமெண்டப் பூசி, ஈரத்த உள்ளயே அடைச்சுட்டாக. சுவரு நகந்தா இந்தக் கண்ணாடி ஒடையும்."

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது அது இரண்டாக உடைந்திருந்தது.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். லீவுல பாத்துக்கிடுவோம்ங்கிறாக" என்றார்.

மகளை வீட்டுக்கு அழைத்துப் போக அவள் பெட்டியை எடுத்தேன். அறையில் இன்னும் மூன்று கட்டில்கள். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள்.

கொத்தனார் வாசல்வரை வந்தார். "மத்த பிள்ளைக வீட்டுக்கும் சொல்லிருங்க சார். நான் சொன்னா யாரு கேப்பா?"

"சொல்றேன்" என்றேன்.

மகளின் போனில் மூன்று வீட்டு எண்களும் இருக்கின்றன. பள்ளியைப் பகைத்தால், மகளை வேறு பள்ளியில் சேர்க்க டி.சி. தரமாட்டார்களோ என்று தள்ளிப்போடுகிறேன். மூன்று நாளாக மலையில் மழை. அவர் புதுக் கண்ணாடி ஒட்டியிருப்பார். அதுவும் உடைந்துவிட்டதா என்று விசாரிக்க, அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.