பாட ஆள் வரவில்லை

போன சனிக்கிழமை காலை, குத்தம்பாக்கம் பஸ் நிலையம். பெங்களூரில் ஒரு கல்யாணம், அதற்காக நின்றிருந்தேன். பார்த்தால்... கொரட்டூரில் எங்கள் பக்கத்துத் தெரு நித்யா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வார இறுதியில் ராக் டிரம்மர். தோளில் சிம்பல் தட்டுகள் வைத்த வட்டப் பை. கூடவே கிடாரிஸ்ட் பிரபு.

"இன்னா அண்ணா, நீங்களும் இந்த பஸ்தானா?" என்றாள் நித்யா.

நானும் ஒரு காலத்தில் ராக் பேண்டில் கிடார் வாசித்தவன்தான். அப்போது வெளியூர் மேடை என்றால் வேன் பிடிக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையர் தூக்கவே நாலு பேர் வேண்டும். வாய்ப்பு கேட்டுக் கேசட் அனுப்பிவிட்டு தபால்காரருக்காகக் காத்துக்கிடப்போம். இவர்களோ ஆம்ப்ளிஃபையரையே லேப்டாப்புக்குள் அடைத்துவிட்டார்கள். போஸ்டர், வீடியோ, புக்கிங் — எல்லாம் போனில், அவர்களே. சனிக்கிழமை மேடை, திங்கட்கிழமை ஷிப்ட்.

பஸ் கிளம்பும் நேரத்தில் பாடகன் விக்கியிடமிருந்து போன். கம்பெனியில் திடீர் ஓவர்டைம், விட மாட்டேன் என்கிறார்களாம். அன்று மாலைதான் பெங்களூரில் இந்த மூவருக்கும் முதல் மேடை. போகாவிட்டால் அங்கே இனி கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் காலமாக இருந்தால் அவரவர் வீட்டுக்குப் போய் குப்புறப் படுத்திருப்போம். பிரபு பதறவே இல்லை.

"லேப்டாப்ல அவன் வாய்ஸ் கீது மச்சி. போட்டு வுட்டுக்கலாம். இப்ப எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க."

"ஆளே இல்லாத குரலுக்கு நான் டிரம் அடிக்கணுமா? முடியாது" என்றாள் நித்யா.

"அப்ப யாரு பாடறது?"

"நான்தான்."

"நீ மேடைல பாடினதே இல்லியே?"

"இன்னிக்குப் பாடறேன். ஏறு, பஸ் கெளம்புது."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். வாய் பாடினால் கை நின்றது. கை ஓடினால் வார்த்தை மறந்தது. விடுவதாயில்லை, பையின் மேல் குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். "ஸாரி சார், சாயங்காலம் ஷோ கீது" என்றாள். நிறுத்தினாளா? ம்ஹும். வேலூர் வருவதற்குள் அவரே, "இப்ப பரவால்லம்மா" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா... கேட்டுவிட்டேன். "மேடைல குரல் பிசிறிடுச்சுன்னா?"

"பிசிறட்டும்ணா. எங்க குரல்தானே."

மறுநாள் வீடியோ வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் உடைகிறது. கை நிற்கவில்லை. கூட்டம் கைதட்டித் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பாடுகிறாள். அந்த இடத்தை வெட்டாமல் அப்படியே போட்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமும் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

வசதிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் மேடையில் நின்று வியர்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

விக்கி நித்யாவுக்குப் போன் செய்தானாம். "அடுத்த மாசம் நான் லீவு சொல்லிட்டேன். எனக்கு எடம் கீதா?"

"கீது மச்சான்... கோரஸ்ல."