ஒரு நிமிஷத்தில் வற்றிய கழி

என் கணவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பத்திரண்டு வயது வரை கடலோடு அவருக்கிருந்த உறவு, ஹெப்பாள் அலுவலகத்துக் கணினித் திரையில் வைத்திருந்த ஒரு கடல் படத்தோடு சரி. திடீரென்று ஓர் ஏரியில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு மொட்டைமாடியில் காயும் என் சேலையைப் பார்த்துக் காற்றின் திசையைச் சொல்ல ஆரம்பித்தார்.

போன டிசம்பரில் கும்டா பக்கம் அகநாசினி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். நண்பர் ஒருவரின் சின்ன 'யாட்' பாய்மரப் படகை இரவல் வாங்கியிருந்தார். இரண்டு பேர் படுக்கலாம், ஓர் அடுப்பு வைக்கலாம். நான் ராமாபுரத்துக்காரி, கிணற்றில் நீந்தியவள். கூடப் போகாவிட்டால் மனுஷன் நேரே அரபு நாட்டுக்குப் போய்விடுவாரோ என்றுதான் கிளம்பினேன்.

இரண்டாம் நாள் காலை, தண்ணீர் ஏறியிருந்தபோது ஒரு கிளைக் கழிக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் அலையாத்திப் புதர். எட்டு மணிக்கே வெளியேறிவிட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். ஆனால் எட்டு மணிக்கு ஒரு பெரிய நாரை வந்து நின்றது. அவர் கேமராவை எடுத்தார்.

"ஏனுங்க, தண்ணி கொறையற மாதிரி இருக்குதுங்க."

"ஒந்து நிமிஷா, இதை மட்டும் எடுத்துக்கறேன்."

அந்த ஒரு நிமிஷம் அரைமணி நேரம் ஓடியது. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அதை ஒரு மணி நேரமாக்கியவள் நான். ஒன்பது மணிக்குப் படகு மெல்ல முனகி, சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. நாரை பறந்துவிட்டது.

"சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான் நகரும்," என்றார், ஏதோ அலுவலகக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதைப்போல. படகை விட்டு வரக்கூடாதாம், அது மாலுமிக்கு அழகில்லையாம். சேற்றில் ஓடிய நண்டுகளை அவர் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். மாலுமிக்கு நண்டென்றால் பயம்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை சேறு, அப்புறம் கெட்டி மணல். வற்றிய கழியின் ஓரமாகவே நடந்து கடற்கரை வரை போய்விட்டேன். ஆளில்லாத கரை, பாறை இடுக்குகளில் தேங்கிய நீர், அதில் விரல் நீள மீன்கள். திரும்பும் வழியில் ஓர் அம்மா குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் படகை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நடுவுல யாராவது போவாங்களா? நடுவுல மேடு. இந்தப் புதர் ஓரமாத்தான் ஆழம். அந்த ஒடைஞ்ச கம்பத்துகிட்ட அக்கரைக்கு மாறணும்."

அவர் கைகாட்டிய தடம் முழுவதையும் நடந்தே பார்த்தேன். வற்றிக் கிடந்த கழியில் அந்த இடம் மட்டும் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறிப் படகு தானாக நிமிர்ந்தது. அவர் மோட்டாரை முடுக்கி நேராக நடுவுக்குத் திருப்பினார்.

"அங்க மேடுங்க. உடுங்க, நான் புடிக்கறேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நடந்து பாத்தேனுங்க."

சுக்கானைக் கொடுத்தார். நான் புதரோரமாகப் போய், கம்பத்தருகே அக்கரைக்கு மாறினேன். அவர் முன்னால் உட்கார்ந்து மூங்கிலால் ஆழம் பார்த்து "ஓகே, ஓகே" என்று அனுமதி தந்துகொண்டே வந்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கழி முடிந்து ஆற்றின் வாய்க்கு வந்ததும் கடல் அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. அடுத்தது இன்னும் பெரிது.

"இந்தாங்க, நீங்களே புடிங்க!"

அவர் ஒரு கேலிச் சொல்லும் சொல்லாமல் வந்து வாங்கிக்கொண்டார். படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பினார். நான் கயிற்றைப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"போதும், கண்ணத் தொற," என்று அவர் சொன்னபோது துறையில் கட்டியிருந்த படகுகளுக்கு நடுவே நின்றிருந்தோம்.